சித்தப்பா போர்த்திய பொன்னாடை

ஒரு நல்ல காரியத்தைக் கொண்டுபோய் எங்கள் ஆட்களின் கையில் கொடுத்தால், அவர்கள் முதலில் தேடுவது அதற்கு ஒரு தலைவரையும் ஒரு செயலாளரையும்தான். அடுத்ததாக, மேடைக்குப் பின்னால் கட்டுவதற்கு ஒரு பட்டுச் சீலை. காரியம் என்னவென்று கேட்பது அதற்குப் பிறகு, நேரம் மிஞ்சினால். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். அந்த எரிச்சலுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

எண்பதுகள் முடிகிற காலம். லண்டனின் அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெரு ஒன்றில் எங்களுக்கு மேல்மாடி வீடு. அப்பா பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட். அம்மா வீட்டில் இருந்தபடியே ஒரு கொம்பனிக்குச் சட்டை தைத்தார். அண்ணைக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அப்பாவின் தம்பியான சித்தப்பா அடுத்த தெருவில் அறை எடுத்திருந்தார். படுக்கை அங்கே, சாப்பாடு எங்கள் வீட்டில். அவர் எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் செயலாளர். மன்றத்துக்கென்று ஒரு கட்டடம் கிடையாது. ஒரு குத்துவிளக்கும் ஒரு மைக்கும் நாலு பொன்னாடையும்தான் அதன் சொத்து. அவை எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. அம்மா போர்வைகள் வைக்க இடமில்லாமல் அந்தரப்பட்டார்.

நான் பயந்தாங்கொள்ளி. இப்போதும் அப்படித்தான், வீட்டைப் பூட்டி பஸ் தரிப்புவரை போய்விட்டு, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆனால் அந்த வயதில் என் பயத்துக்கு நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பாலம். பின்னேரங்களில் அதன் கீழே பெரிய வெள்ளைப் பெடியன்கள் நாலைந்து பேர் ஒரு நாயோடு நிற்பார்கள். நாங்கள் வரும்போது துப்புவார்கள். நாயின் சங்கிலியைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பார்கள். நாங்கள் கத்துவது அவர்களுக்குச் சிரிப்பு. அம்மா கூட்டிப்போக வந்தார். வந்த இரண்டாம் நாளே அவருடைய சீலையில் முட்டை. பிறகு அண்ணை வந்தார். அண்ணையின் புருவத்துக்கு மேலே போத்தல் பட்டுக் கிழிந்தது. பொலிஸ் வந்தது. ரத்தம் வழிய நின்ற அண்ணையிடம் பொலிஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, நீ அவர்களை என்ன செய்தாய் என்பது.

அந்தக் கிழமைக் கடைசியில் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவின் கண்ணாடி ஓட்டையால் பார்த்த அப்பா, வாசலில் நின்றவர்களுக்கு ஒரு சொல் சொன்னார். கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்கிய சொல் அது. ஊரில் இருந்து வரும்போதே பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொல்லிவிட்டு அப்பா கதவுச் சங்கிலியைக் கொழுவினார். அண்ணை வந்து சங்கிலியைக் கழற்றினார். அண்ணையின் வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லி அனுப்பி வந்தவர்கள் அவர்கள்.

முன்னுக்கு நின்றவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் பவுலின். தாய் தகப்பன் ஜமேக்காவில் இருந்து வந்தவர்கள். அவர் இங்கேயே, எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளிப் பிறந்தவர். பெயரைக் கேட்டதும் அம்மா மெதுவாக அண்ணையிடம், “வேதக்காரப் பிள்ளையோ?” என்று விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் பவுலின் என்று பெயர் இருந்தால் கிறிஸ்தவரைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? அதோடு அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மற்றப் பாதிக்கு, தேத்தண்ணியைக் கடதாசிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். என் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த, பலூன் படம் போட்ட கப். எங்களுக்கெல்லாம் வழக்கமான கோப்பைகள்தான். விசேஷத்துக்கு உரியதை எடுத்து வந்தவருக்குக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே பொறாமை.

பவுலின் அக்காவும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் இளைஞர் அமைப்பு நடத்தினார்கள். எல்லோரும் கறுப்பினப் பெடியன்கள், பெட்டைகள். முந்தி ஊர்ச்சனம் வந்து உடுப்புத் தோய்த்த பழைய கட்டடம் ஒன்றைக் கவுன்சில் அவர்களுக்கு விட்டிருந்தது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பெடியன்களுக்கு வக்கீல் தேடுவது, கோர்ட்டில் போய் அவர்களுக்குப் பின்னால் வரிசையாக இருப்பது, தெருவில் பொலிஸ் மறித்தால் என்ன சொல்லலாம் என்ன சொல்லத் தேவையில்லை என்று சின்னவர்களுக்குப் பழக்குவது, அடிபட்டவர்கள் எந்த நேரமும் கூப்பிடுவதற்கு ஒரு ரெலிபோனைக் காவல் இருப்பது, இவைதான் அவர்களுடைய வேலை. சம்பளம் எல்லாம் இல்லை. எங்களிடமும் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமையில் இருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை வாசலில் நின்றால் போதும், நாங்கள் கூட்டிவந்து விடுகிறோம் என்றார்கள்.

போகும்போது பவுலின் அக்கா சொன்ன ஒரு வசனம் சித்தப்பாவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. பாலத்தடியில் நிற்கிறவங்களுடைய கண்ணுக்கு நீங்களும் கறுப்பர்தான் நாங்களும் கறுப்பர்தான், அப்படியென்றால் ஒன்றாக நிற்பதுதானே சரி என்றார். அண்ணை அதை வரிக்கு வரி தமிழில் சொன்னார். கதவு சாத்துப்படும்வரை சித்தப்பா பொறுத்திருந்தார். பிறகு சோற்றுக் கோப்பையோடு எழும்பிவிட்டார்.

“ஆர் கறுப்பர்? நானோ?”

“கண்ணாடி அந்தா கிடக்கு, சித்தப்பா” என்றார் அண்ணை.

அம்மா சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போனார். சித்தப்பா பவுலின் அக்காவைவிட ஒரு பிடி கறுப்பு. அதை அவர் வெயில் என்று சொல்லிவந்தார், லண்டனில் இருந்துகொண்டு.

அடுத்த திங்களில் இருந்து நான் வரிசையில் நடந்தேன். வங்காளப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், நான். முன்னுக்குப் பவுலின் அக்கா. கடைசியில், நீளச் சடைகளோடு, நாங்கள் நெட்டையர் என்று பெயர் வைத்த ஒருவர். என் சப்பாத்து நூல் அவிழ்ந்தால் வரிசை என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். நெட்டையருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. என் நூலைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவிழ்ந்தால் அவரே குந்தியிருந்து கட்டிவிடுவார்.

பாலத்துக்குக் கீழே வந்ததும் எல்லோரும் உரத்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும். அது பவுலின் அக்காவின் சட்டம். ஏழாம் வாய்ப்பாடு. பாலம் எங்கள் குரலை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தரும். நாயோடு நின்றவர்கள் முதல்நாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகிற பிள்ளைகளை என்ன சொல்லி ஏசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை; நெட்டையரைப் பார்த்தபின் தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கொஞ்ச நாளில் அவர்கள் வேறு பாலம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பதினாறோடு விட்டவள். ஆனாலும் கடையில் காசு வாங்கும் மேசையில் நின்ற காலம் முழுக்க ஏழாம் வாய்ப்பாட்டில் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

மழை நாட்களில் நேரே வீட்டுக்கு வராமல் அந்தத் தோய்க்கிற கட்டடத்துக்குப் போவோம். சுவர் பாதி வெள்ளை ஓடு. பழைய சவர்க்கார மணம் இன்னும் இருந்தது. தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓடு முடிகிற இடத்துக்கு மேலே, வந்த பிள்ளைகள் எல்லோரும் பெயின்ரில் கையைத் தோய்த்துப் பதித்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் கைகள். என்னுடையது நீலம். எட்டாது என்று நெட்டையர் தூக்கிப் பிடித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை யார் கெடுத்தது? முதலில் கவுன்சில். அடுத்த வருஷம் கோடை முடிய, அந்தக் கட்டடத்தைத் திருப்பி எடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. சத்தமாம். அங்கே கூடுகிற பெடியன்களைப் பார்க்க அக்கம்பக்கத்துக்குப் பயமாக இருக்கிறதாம். அவர்களைத் தவிர வேறு ஒருவருக்கும் அந்த இடத்தால் பிரயோசனம் இல்லையாம். கவுன்சில் கூட்டம் ஒரு வியாழக்கிழமை. விரும்பினவர்கள் வந்து பேசலாம்.

பவுலின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் வரிசையில் நடக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கன பேர் ஆகிவிட்டார்கள்.

“எங்களைப் பற்றி நாங்களே சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள். பெற்றவர்கள் வந்து சொல்ல வேண்டும். ஒருவர், ஒரு வசனம். அது போதும்” என்றார்.

அண்ணை தமிழில் சொல்லி முடித்ததும், யாரும் எதிர்பார்க்காதபடி அம்மா, “நான் சொல்லுறன்” என்றார்.

அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் தாங்க் யூவும் ஹவ் மச்சும்தான். என் மகளை ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள், தயவுசெய்து மூடாதீர்கள் என்பதை அண்ணை எழுதிக் கொடுக்காமல் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். “தே வோக் மை டோட்டர் ஹோம். எவ்ரி டே. ப்ளீஸ் டோன்ட் குளோஸ்.” அன்றில் இருந்து எங்கள் வீட்டில் வேறு சத்தமே இல்லை. தையல் மெசின் ஓடும்போது தே வோக். பருப்பு கொதிக்கும்போது எவ்ரி டே. குளிக்கிற அறைக்குள் இருந்து ப்ளீஸ் டோன்ட் குளோஸ். அப்பா பகலில் நித்திரை கொள்கிற மனிசர். “உந்த வாயை ஒருக்கா மூடப்பா” என்று அறைக்குள் இருந்து கத்துவார். அம்மா மூடமாட்டார். எனக்கும் அம்மா மூடக்கூடாது என்றே இருந்தது. அந்தக் கட்டடம் இல்லையென்றால் பவுலின் அக்கா எங்கிருந்து புறப்பட்டு வருவார்? ரெலிபோனை எங்கே வைப்பார்கள்? நாயோடு நிற்கிறவர்கள் மணந்து பிடித்துத் திரும்பி வந்துவிடுவார்களே? இரவில் போர்வைக்குள் இருந்துகொண்டு நானும் அம்மாவின் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன், அவர் மறந்தால் எடுத்துக் கொடுக்க.

அதன்பிறகுதான் சித்தப்பா காரியத்தைக் கையில் எடுத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் பெரிய தொல்லை. கெட்டவர் என்றால் ஏசிவிட்டுப் போய்விடலாம். அவருக்கு உண்மையாகவே அந்தப் பெடியன்களுக்கு உதவ வேண்டும் என்று வந்துவிட்டது. ஆனால் ஒரு வசனம் சொல்லி உதவுவதா? சும்மா போய்க் கதிரையில் இருந்து உதவுவதா? அவருக்கு அது உதவியாகவே தெரியவில்லை. “நாங்கள் ஆரெண்டு காட்ட வேணும், அண்ணி. பாராட்டு விழா ஒண்டு செய்வம். அவையின்ரை மண்டபத்திலேயே செய்வம்.” வியாழனுக்கு முதல் வருகிற சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார்.

பிரதம விருந்தினர் யார் என்று பவுலின் அக்கா கேட்டபோது, சித்தப்பா ஒரு கவுன்சிலரின் பெயரைச் சொன்னார். கோயில் வாசலில் கார் நிறுத்துகிற பிரச்சினையை ஒருமுறை தீர்த்துவைத்தவர். பவுலின் அக்கா அண்ணையின் பக்கம் திரும்பி, எங்கள் கட்டடத்தைப் பூட்டவேண்டும் என்று நிற்கிற ஆள் அவர்தான் என்றார்.

சித்தப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது.

“அதுதானே விஷயம், பிள்ளை! சபை நடுவிலை பொன்னாடை போத்தி, சோறு போட்டு அனுப்பினால், அந்த மனுசன் பிறகு எங்களுக்கு எதிராக் கை தூக்குமோ? மனுசர் எண்டால் ஒரு வெக்கம் இருக்காதே?”

“சித்தப்பா, அந்தாள் இங்கிலீஸ்காரன்” என்றார் அண்ணை.

“இங்கிலீஸ்காரனுக்கு வெக்கம் இல்லையோ?”

இது சித்தப்பாவின் முட்டாள்தனம் மட்டும் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் இது பலித்த வித்தை. பள்ளிக்கூடத்துக்குக் காணி தரமாட்டேன் என்றவருக்கு மாலை போட்டுக் காணி வாங்கியிருக்கிறார்கள். ரோட்டுப் போட மறுத்த அதிகாரியைத் தேர்த்திருவிழாவுக்குக் கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டி ரோட்டு வாங்கியிருக்கிறார்கள். பலர் பார்க்கத் தோளில் விழுந்த துணி கயிற்றைவிடப் பலம். போர்த்தப்பட்டவருக்கும் அது தெரியும். இங்கே பிசகியது அந்த ஒரு இடம்தான். தான் கட்டப்பட்டுவிட்டோம் என்பது அந்தக் கவுன்சிலருக்குக் கடைசிவரை தெரியாது. தோளில் விழுந்தது வெறும் சால்வை என்றே அவர் நினைத்தார்.

பவுலின் அக்கா ஏன் சம்மதித்தார் என்றால், அவருக்கு எங்கள் சனம் வேண்டியிருந்தது. விழாவுக்கு வருகிற சனம் வியாழனுக்கும் வரும் என்று சித்தப்பா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். தன்னுடைய வான் வண்டியிலேயே ஏற்றி வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்தைப் பார்க்க எனக்கே அடையாளம் தெரியவில்லை. கைகள் பதித்த சுவரை மறைத்து அம்மாவின் கூறைச் சீலை தொங்கியது. “வெறுங்கையள் தெரிஞ்சால் வடிவில்லை” என்றார் சித்தப்பா. அதற்கு மேலே மன்றத்தின் பெயர் பெரிய எழுத்தில். பாராட்டப்படுகிறவர்களின் பெயர் அடியில், சின்னதாக, துணி முடிந்துவிட்டதாம். தங்களுடைய மண்டபத்தில், தங்களுக்கு நடக்கிற விழாவுக்கு, நெட்டையரும் மற்றப் பெடியன்களும் வியர்க்க வியர்க்கக் கதிரை சுமந்தார்கள். சுமந்து முடிந்ததும் அந்தக் கதிரைகளில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். சுமந்தவர்கள் சுவரோடு நின்றார்கள். வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டத்தோடு நான். தட்டம் சரிந்துவிடுமோ என்று அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். நெட்டையர் கடைசியாக வந்து, இதை என்ன செய்வது என்று கண்ணால் கேட்டார். நெற்றியைக் காட்டினேன். அவ்வளவு உயரத்தில் இருந்து குனிந்து, என்னையே வைத்துவிடச் சொன்னார்.

அதன்பிறகு பேச்சு. தலைவருரை, வாழ்த்துரை, சிறப்புரை, டொக்டர் ஒருவரின் ஆசியுரை. எல்லாம் தமிழில். பாராட்டப்படுகிறவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பதை மேடையில் இருந்த ஒருவரும் ஒரு குறையாக எடுக்கவில்லை. இடையில் இரண்டு நடனம். அம்மா பின்னுக்கு, கேத்தில் இருந்த மூலையில், அடுப்பு வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். கவுன்சிலர் வந்திருக்கிறாரே, அம்மாவின் வசனம் எப்போது என்று அண்ணை மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அண்ணி இங்கை வந்தால் வடை கருகிப்போகும், பேசாமல் நில்லு” என்றார் சித்தப்பா.

பொன்னாடைகள் வெளியே வந்தன. முதலாவது கவுன்சிலருக்கு. இரண்டாவது டொக்டருக்கு. மூன்றாவது மன்றத் தலைவருக்கு. அவரே தலைவர், அவருக்கே பொன்னாடை. நாலாவது, அரிசியும் எண்ணெயும் தந்த பலசரக்குக் கடை முதலாளிக்கு. பவுலின் அக்கா மேடைக்கு வந்தபோது சித்தப்பாவின் கையில் ஒன்றும் இல்லை. அங்கும் இங்கும் பார்த்தார். மேசையில் பலசரக்குக் கடைக் கலண்டர் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அதை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து அவருக்குக் கொடுத்தார். சனம் கை தட்டியது.

கவுன்சிலர் பேசினார். பொன்னாடையைத் தடவிக்கொண்டே பேசினார். இப்படி ஒழுங்கான, குடும்பமாகக் கூடுகிற, சத்தம் சந்தடி இல்லாத ஒரு சமூகம் இந்தப் பகுதியில் இருப்பது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று கவலைப்பட்டார். இந்த மண்டபம் இப்படி அழகாகப் பயன்படுவதை இன்றுதான் கண்டேன் என்றார். ஒரு படக்காரர் விளக்கோடும் சீலையோடும் அவரைப் படம் எடுத்தார். சித்தப்பா எல்லோரையும்விட உரத்துக் கை தட்டினார். நானும் உள்ளங்கை எரியுமட்டும் தட்டினேன். கட்டடத்தைப் பற்றி நல்லதாகத்தானே சொல்கிறார்! அண்ணை தட்டவில்லை. பவுலின் அக்கா கலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி இருந்தார்.

அவருக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். அதுவும் நன்றியுரைக்குப் பிறகு, சாப்பாடு ஆயத்தம் என்று சித்தப்பா அறிவித்துவிட்ட பிறகு. பவுலின் அக்கா மைக்கைப் பிடித்து, வியாழக்கிழமை வாருங்கள் என்று சொன்னபோது, அவருக்கு முன்னால் இருந்தவை கதிரைகள். சனம் வடைக்கு வரிசையில் நின்றது.

வியாழன் பின்னேரம் அம்மா வெள்ளெனவே சமைத்துவிட்டு, நல்ல சீலை உடுத்து, அதன் மேல் கோட்டும் போட்டுக்கொண்டு செற்றிக் கதிரையின் நுனியில் இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அண்ணை முதலே அந்தப் பெடியன்களோடு போய்விட்டார். நானும் அம்மாவோடு போவதாக ஏற்பாடு. சித்தப்பாவின் வான் வரவில்லை. நான் யன்னலுக்கும் செற்றிக்குமாக நடந்தேன். வான் பழுதோ, அடிபட்டுவிட்டாரோ, நாயோடு நிற்கிறவர்கள் மறித்துவிட்டார்களோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. கடைசியில் ரெலிபோன் அடித்தது. சித்தப்பா.

“அண்ணி, கோட்டைக் கழட்டுங்கோ. கவுன்சிலரோடை கதைச்சனான். கட்டடத்துக்கு ஒண்டும் நடக்காதெண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டார். பிறகேன் குளிருக்குள்ளை அலைவான்? மற்ற ஆக்களுக்கும் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

அந்த மனிதர் சொன்னது பொய் இல்லை. கட்டடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ரெலிபோனை வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். எப்படிப் போவது என்று என்னைக் கேட்டார். எந்த பஸ், எந்த இடம். எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணை வந்து சொன்னதை வைத்துத்தான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தனவாம். பிள்ளைகளைக் கூட்டிவருகிறோம் என்று பவுலின் அக்கா சொன்னாராம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே என்று கேட்டார்களாம். அண்ணை எழும்பினாராம், பதினெட்டு வயது ஆகாதவர் பேச ஏலாது, இருங்கள் என்றார்களாம். பிறகு அந்தக் கவுன்சிலர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாராம். எங்கள் விளக்கு, எங்கள் சீலை. இந்த மண்டபத்தை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்த ஒரு சமூகம் இருக்கிறது, அவர்களுக்குச் சொந்தமாக ஓர் இடம்கூட இல்லை என்று சொன்னாராம். எங்களுக்காக அவர் மிகவும் உருகினாராம்.

அடுத்தநாள் சித்தப்பா லட்டுப் பெட்டியோடு வந்தார். மண்டபம் மன்றத்துக்கு!

வீட்டில் நடந்த சண்டையை முழுக்க எழுத எனக்கு ஏலாது. “அவையின்ரை வீட்டுக்குள்ளை போய் விளக்குக் கொளுத்தி, அவையை வெளியாலை அனுப்பிப்போட்டியள்” என்று அண்ணை கத்தினார். சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. “நான் கேட்டனானோ? அவங்களாத் தந்தது. நாங்கள் வேண்டாமெண்டால் வேறை ஆருக்கோ குடுப்பாங்கள். எங்களிட்டை இருந்தால் அந்தப் பிள்ளையளுக்கும் கிழமையிலை ஒருநாள் விடலாம்தானே?” அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு லட்டை எடுத்துக்கொண்டு படுக்கப் போனார். அம்மா தையல் மெசினைவிட்டு எழும்பவே இல்லை. நான் இரண்டு லட்டுச் சாப்பிட்டேன். என் பயமெல்லாம் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதுதானே? பூட்டவில்லையே! பிறகு ஏன் அண்ணை குதிக்கிறார்?

மன்றம் முதல் வேலையாகச் சுவருக்குப் பால் நிறத்தில் பெயின்ற் அடித்தது. இரண்டு வருஷம் அங்கே தமிழ் வகுப்பும் பட்டிமன்றமும் நடந்தன. பிறகு கவுன்சில் அதை விற்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் மாடி வீடுகள். விற்கிற கதை வந்தபோது சித்தப்பா அந்தக் கவுன்சிலருக்கு ரெலிபோன் எடுத்தார். ஆள் கூட்டத்தில் என்றார்கள். நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினவர்கள் என்று, மறுபக்கத்தில் ரெலிபோன் எடுத்த பெட்டைக்கு அவர் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது லட்டுக்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி.

மழை. பள்ளிக்கூட வாசலில் பவுலின் அக்கா வழக்கம்போல நின்றார். தலையில் தொப்பி, தோளில் ஒரு பெரிய பை. பையில் இருந்து கேத்திலின் வயர் வெளியே தொங்கியது. நெட்டையர் ரெலிபோனை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். எனக்கு அவர்களைக் கண்டதும் பெரிய நிம்மதி. பார்த்தியா, ஒன்றும் மாறவில்லை என்று நினைத்தேன். பாலத்துக்குக் கீழே ஏழாம் வாய்ப்பாட்டை எல்லோரையும்விட உரத்துச் சொன்னேன். பாலம் தாண்டியதும் பவுலின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். மழை பெய்தால் நீங்களும் வரலாம், நான் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

பவுலின் அக்கா என் கையை விடவில்லை. கொஞ்சத் தூரம் நடந்தபின், “அது நல்லது” என்றார்.

வழக்கமாக அவர் கீழ்வாசலில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு அம்மா படி இறங்கி வந்து நின்றார். “கம், கம்” என்று அவரை மேலே கூட்டிப்போய்ச் செற்றியில் இருத்தினார். தேத்தண்ணி போட்டார். கண்ணாடி அலுமாரியில் இருந்து, ஓரத்தில் தங்கக் கோடு போட்ட கோப்பையை எடுத்தார். டொக்டர் வந்தால் மட்டும் எடுக்கிற கோப்பை. பலூன் கப் இன்னும் அரைப் பக்கெற் கிடக்கிறதே, ஒவ்வொரு நாளும் வருகிற ஆளுக்கு இதை ஏன் எடுக்கிறார், கை தவறினால் என்ன செய்வது என்று நான் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவுலின் அக்கா ஒரு மிடறு குடித்தார். அம்மா அவருக்கு முன்னால் நின்று, ஈரக் கையைச் சீலையில் துடைத்தார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார், மேடையில் நிற்கிற ஆள் மாதிரி. பிறகு, ஒரு இடத்திலும் தட்டுப்படாமல், உரத்த குரலில் சொன்னார்.

“தே வோக் மை டோட்டர் ஹோம். எவ்ரி டே. ப்ளீஸ் டோன்ட் குளோஸ்.”

பவுலின் அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது கேட்கிற மாதிரி, இரண்டு கையையும் மடியில் வைத்து நிமிர்ந்து கேட்டார். கேட்டு முடிந்தும் அப்படியே இருந்தார். அம்மாவும் உட்காராமல் முன்னால் நின்றார்.

எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு வியாழன் பின்னேரம் முழுக்கக் கோட்டோடு இருந்துவிட்டு, வசனத்தைக் கொண்டுவந்து பிழையான ஆளிடம் சொல்லுகிறாரே!

“அம்மா, கூட்டம் முடிஞ்சுது. ஏன் அவவுக்குச் சொல்லுறியள்? அவவுக்குத் தெரியும்தானே.”

“எனக்கும் தெரியும்” என்றார் அம்மா. “நீ வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடி.”

தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒன்றை எதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதற்கு எதற்காக அந்த அக்கா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் தோய்த்து வைத்திருந்த பிஸ்கட் உடைந்து தேத்தண்ணிக்குள் விழுந்து கரைந்துபோனது. பக்கெற்றில் கடைசி பிஸ்கட் அது. அன்றைக்கு நான் அழுதது அதற்குத்தான்.